உணரிக்கு நிதி உண்டு, சல்லடைப் பொதிக்கு இல்லை

ஆசிரியருக்கு வணக்கம்.

நச்சு வேதிப்பொருள்களைக் கண்டறியவும் முறியடிக்கவும் அரசுகள் ஆய்வு நிதி அறிவிக்கும்போது தலைப்புச் செய்தியாவது ஒரே எண்தான்: புதிய உணரி (சென்சார்) எவ்வளவு குறைந்த அளவைக் கண்டுபிடிக்கும் என்பது. நிதிக் குழுக்களும் அதைப் பார்த்தே மதிப்பெண் போடுகின்றன. களத்தில் கருவிகள் கைவிடுவதற்கு உணர்திறன் குறைவு பெரும்பாலும் காரணமே அல்ல. காரணங்கள் வேறு, அவற்றுக்கு நிதி கேட்டால் 'இதில் புதுமை எங்கே?' என்று திருப்பி அனுப்பிவிடுகிறார்கள்.

தீயணைப்புப் படைகளும் ராணுவங்களும் அதிகம் வைத்திருக்கும் கையடக்கக் கருவி அயனி நகர்வுமானி. காற்றை உறிஞ்சி, நிக்கல்-63 என்னும் கதிரியக்கப் பொருள் அல்லது மின் இறக்கம் மூலம் அயனியாக்கி, சில சென்டிமீட்டர் நீளக் குழாயில் மின்புலத்தால் தள்ளி, அயனிகள் மறுமுனைக்கு வந்துசேரும் நேரத்தை அளக்கிறது. உள்ளே ஓடும் காற்று உலர்ந்திருக்க வேண்டும். அதற்காக மூலக்கூறு சல்லடைப் பொதி ஒன்று இருக்கும். அது ஈரத்தை உறிஞ்சி நிரம்பிவிட்டால் நீர் மூலக்கூறுகள் அயனிகளோடு ஒட்டிக்கொள்ளும், வந்துசேரும் நேரம் நகர்ந்துவிடும், கருவி நச்சைத் தவறவிடும் அல்லது இல்லாததை இருப்பதாகச் சொல்லும். பொதி செலவுப் பொருள். காலம் பார்த்து மாற்ற வேண்டும். ஆய்வு நிதியில் கருவி வாங்கிய பல இடங்களில், திட்டம் முடிந்த பிறகு பொதி வாங்க எந்தக் கணக்குத் தலைப்பும் இருப்பதில்லை. அலமாரியில் மாதக்கணக்கில் கிடந்த கருவி, பொத்தானை அழுத்தியதும் தயாராகாது. உள்ளே படிந்த மாசு வெளியேறவே மணிக்கணக்கில் ஓடவிட வேண்டியிருக்கும்.

அடுத்தது பொய் எச்சரிக்கை. துப்புரவுத் திரவம், வாசனைத் திரவியம், டீசல் புகை, தீயணைப்பு நுரை எல்லாமே இந்தக் கருவியை ஏமாற்றக் கூடியவை. வலி நிவாரணத் தைலங்களில் உள்ள மெத்தில் சாலிசிலேட்டைக் கடுகு வாயு என்னும் போர் நச்சுக்குப் பதிலியாகப் பயிற்சிகளில் பயன்படுத்துகிறார்கள் என்பதிலிருந்தே, தைலத்தையும் நச்சையும் பிரித்தறிவதில் உள்ள சிக்கல் புரியும். ஒரு கருவி நிமிடத்துக்கு ஒருமுறை காற்றைச் சோதிக்கிறது, ஆயிரத்தில் ஒருமுறை மட்டும் தவறுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஆய்வறிக்கையில் இது 99.9 விழுக்காடு துல்லியம். ஒரு நாளுக்கு 1,440 சோதனை. ரயில் நிலையங்களில் 100 கருவிகளைப் பொருத்தினால் நாளொன்றுக்கு 144 பொய் எச்சரிக்கை. ஒரு வாரம் தாங்குவார்கள். பிறகு ஒலியை அணைத்துவிடுவார்கள். அப்புறம் உண்மையான எச்சரிக்கை வந்தாலும் யாரும் எழுந்து போய்ப் பார்க்கப் போவதில்லை.

எந்தக் கருவிக்கு எது தெரியாது என்பதும் வாங்குபவருக்குச் சொல்லப்படுவதில்லை. பிஐடி எனப்படும் ஒளி அயனியாக்கக் கருவி மிகப் பரவலானது. அதில் வழக்கமாக இருப்பது 10.6 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் தரும் புறஊதா விளக்கு. குளோரினை அயனியாக்க ஏறத்தாழ 11.5 வேண்டும், ஹைட்ரஜன் சயனைடுக்கு 13.6. தொழிற்சாலைகளில் டன் கணக்கில் புழங்கும் குளோரின் கசிந்து கண் எரியும்போதும் அந்தத் திரை சுழியம் காட்டும். அது பழுதல்ல, இயற்பியல். இன்னொரு பக்கம், விஎக்ஸ் போன்ற நரம்பு நச்சுத் திரவம், இன்னொரு நரம்பு நச்சான சரினைவிட ஆயிரம் மடங்குக்கும் மேல் குறைவாகவே ஆவியாகும். காற்றை மட்டும் முகரும் கருவி, நச்சுத் துளி படிந்த கதவுக் கைப்பிடியருகே அமைதியாக இருக்கும். பரப்பில் ஒற்றிச் சோதிக்கும் முறை தனியாக வேண்டும். வெவ்வேறு தத்துவத்தில் இயங்கும் இரண்டு கருவிகள் ஒத்துப்போனால்தான் முடிவு சொல்லலாம் என்பது துறையில் பால பாடம். ஆனால் நிதியோ ஒவ்வோர் உணரிக்கும் தனித்தனியாகத்தான் போகிறது.

1995 மார்ச் 20 அன்று டோக்கியோ சுரங்க ரயில்களில் சரின் பரப்பப்பட்டபோது, முதல் ஆய்வு முடிவு அசிட்டோநைட்ரைல் என்று வந்தது. கலவையிலிருந்த கரைப்பானைக் கருவி சரியாகத்தான் பிடித்தது. கொல்லும் பொருளைச் சொல்லவில்லை. சரின் என்று அறிவிக்க ஏறக்குறைய மூன்று மணி நேரம் ஆயிற்று. அதற்குள் செயின்ட் லூக்ஸ் மருத்துவமனைக்கு நூற்றுக்கணக்கானோர் வந்துவிட்டார்கள். அன்று ஒரே நாளில் 640 பேர். உடை களையாமல், காற்றோட்டமில்லாத இடங்களில் வைத்துச் சிகிச்சை நடந்தது. பின்னர் கேட்டறிந்தபோது, பதிலளித்த ஊழியர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் தங்களுக்கும் அறிகுறிகள் வந்ததாகச் சொன்னார்கள். அந்த ஊழியர்களைக் காப்பாற்றியிருக்கக்கூடியது இன்னொரு உணரி அல்ல. வாசலிலேயே உடையை மாற்றச் சொல்லும் நடைமுறையும், திறந்த சன்னல்களுமே போதுமானவை.

இத்தகைய நடைமுறைகளை ஆராயக் கொடுத்த பணம் வீண் போனதில்லை. அமெரிக்காவில் அவசரகால மருத்துவ ஆய்வுக்கு நிதி தரும் பார்டா என்ற அரசு அமைப்பு பணம் கொடுத்து உருவான, நச்சு நீக்கத்துக்கான 'பிரிசம்' வழிகாட்டி அதற்குச் சான்று. ஆடையைக் களைந்து, தோலை உறிஞ்சும் தாளால் ஒற்றி எடுத்தாலே நச்சின் பெரும்பகுதி போய்விடும். தண்ணீர் லாரிக்காகக் காத்திருக்கும் நிமிடங்களில்தான் அது உடலுக்குள் இறங்குகிறது. அமிலம், காரம் போல அரிப்பவை என்றால் மட்டும் உடனே தண்ணீர். நீண்ட நேரம் குளிப்பாட்டினால் சில பொருள்கள் தோல் வழியே கூடுதலாக உள்ளே போகும் என்பதும் சோதித்து அறிந்ததே. இதற்குத் தேவைப்படுவது காகிதத் துண்டும் குப்பைப் பையும்தான்.

மருந்து ஆய்விலும் இப்படி ஒன்று உண்டு. நரம்பு நச்சால் வரும் வலிப்பை நிறுத்தத் தசையில் போடும் மிடசோலம் போதுமா என்பதை, 2012-இல் வெளியான 'ராம்பார்ட்' ஆய்வு ஆம்புலன்சில் வந்த சாதாரண வலிப்பு நோயாளிகளிடமே சோதித்தது. மருத்துவமனைக்கு வருமுன் வலிப்பு நின்றவர்கள் மிடசோலம் ஊசியில் 73 விழுக்காடு, ரத்தக்குழாய் வழி செலுத்தும் லோராசெபாம் மருந்தில் 63. ரத்தக்குழாய் தேடி நேரம் போகாததே காரணம். வேதித் தாக்குதலை எதிர்கொள்ள ஒதுக்கிய நிதியும் அதில் சேர்ந்திருந்தது; தாக்குதல் நடக்காமலே வலிப்பு நோயாளிகளுக்குப் பலன் கிடைத்துவிட்டது. இருப்பில் உள்ள நச்சு முறிவு மருந்துகளை ஆய்வகத்தில் சோதித்துக் காலாவதி தேதியை நீட்டிக்கும் திட்டத்தை அமெரிக்கா 1986 முதல் நடத்திவருகிறது. யாரும் பரிசு தராத வேலைதான், ஆனால் மிச்சமாகும் பணம் பெரிது.

கருவியின் நினைவில் உள்ள ஒப்பீட்டுப் பட்டியலும் செலவுப் பொருள்தான். 1997-இல் நடைமுறைக்கு வந்த வேதி ஆயுத உடன்படிக்கையின் முதல் அட்டவணையில் நோவிசோக் வகை நரம்பு நச்சுகளைச் சேர்க்க 2019 நவம்பரில்தான் முடிவாயிற்று. அதற்கு முன்பே, 2018-இல், இங்கிலாந்தின் சாலிஸ்பரி நகரில் அது பயன்படுத்தப்பட்டுவிட்டது. தன் நினைவுப் பட்டியலில் இல்லாததைக் கருவி பெயர் சொல்லி அடையாளம் காட்டாது. ஆண்டுதோறும் பட்டியலைப் புதுப்பிக்கும் செலவு கொள்முதல் ஒப்பந்தத்தில் இல்லையென்றால், வாங்கிய நாளிலேயே கருவி பழசாகத் தொடங்கிவிடுகிறது.

ஆகவே நிதி கொடுப்பவர்களிடம் கேட்பது இவ்வளவே. மிகக் குறைந்த அளவு எவ்வளவு என்று கேட்குமிடத்தில், மக்கள் புழங்கும் இடத்தில் முப்பது நாள் இடைவிடாமல் ஓடியபோது எத்தனை பொய் எச்சரிக்கை வந்தது என்றும் கேளுங்கள். சோதிப்பவர் கருவியைச் செய்தவராக இருக்கக் கூடாது. தோற்ற சோதனைகளும் வெளியிடப்பட வேண்டும். அடுத்த குழு அதே பணத்தை அதே குழியில் கொட்டாமலிருக்க வேறு வழி இல்லை. மொத்த ஒதுக்கீட்டில் ஐந்தில் ஒரு பங்கையாவது சல்லடைப் பொதி, விளக்கு, மின்கலம், அளவுத்திருத்த வாயு, பயிற்சி ஆகியவற்றுக்கென்று ஐந்தாண்டுகளுக்குப் பூட்டி வையுங்கள். கடைசித் தவணையை மட்டும் நிறுத்திப் பிடியுங்கள்: ஆறு மாதம் பெட்டியில் கிடந்த கருவியை, அதைச் செய்தவர் அருகில் இல்லாதபோது, தடித்த ரப்பர் கையுறையும் முகக்கவசமும் அணிந்த தீயணைப்பு வீரர் ஒருவர் எடுத்து இயக்கி, சரியான விடை வாங்கிய பிறகு அதை விடுவியுங்கள்.

இப்படிக்கு,
வேதிப் பகுப்பாய்வுத் துறையிலிருந்து ஒரு வாசகர்