வஞ்சிரத்தின் புள்ளி

கடலூர் முதுநகர்
மே 18, 2025

அன்புள்ள மச்சான்,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. இந்தக் காலத்திலும் நாலு பக்கம் கையால் எழுதி ஸ்டாம்ப் ஒட்டி அனுப்புகிற ஆள் எனக்குத் தெரிந்து நீ ஒருத்தன்தான். உறையைப் பார்த்த அம்மா, ஏதோ பேங்க் நோட்டீஸ் என்று பயந்துபோய்ச் சாமி அலமாரியில் வைத்துவிட்டாள். நேற்று விளக்குத் துடைக்கும்போதுதான் வெளியே வந்தது.

வீட்டில் எல்லோரும் சௌக்கியம். அம்மாவுக்கு முழங்கால் வலி உண்டு, ஆனால் திருப்பாதிரிப்புலியூர் கோயிலுக்குக் கிளம்பும்போது மட்டும் அது எங்கேயோ போய்விடுகிறது. பண்ருட்டிப் பலா வந்து இறங்க ஆரம்பித்துவிட்டது. மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15-ல் தொடங்கியது, ஜூன் 14 வரை 61 நாள். விசைப்படகுகள் எல்லாம் நிற்கின்றன. ஒரு பக்கம் பெயின்ட், ஒரு பக்கம் வலை சீர்பார்ப்பது. நாட்டுப்படகு மீன்தான் கொஞ்சம் வருகிறது, விலையைக் கேட்டால் மீன் ஆசையே போய்விடும். ஏலக் கணக்கு எழுதுகிற என் மாமாவுக்கும் இப்போது வேலை குறைவு. காலை டீ முடிந்ததும் நேராக என் மேஜைக்கு வந்து, என் ஆப்பில் குற்றம் கண்டுபிடிக்க உட்கார்ந்துவிடுகிறார்.

உன் கேள்விக்கு வருகிறேன். பத்து வருஷம் வெப்பில் இருந்தவனை மொபைல் டீமுக்கு மாற்றிவிட்டார்கள், ஆப் எழுதக் காட்லின் மொழியா, ஃபிளட்டரா, எதைப் பிடித்தால் சீக்கிரம் தேறலாம் என்று கேட்டிருக்கிறாய். உன் டீம் எதில் எழுதுகிறதோ அதைப் பிடி. ஜாவா தெரிந்தவனுக்குக் காட்லின் பெரிய மலை இல்லை. 2017-ல் கூகுள் அதை ஆண்ட்ராய்டுக்கு ஏற்றுக்கொண்டபோது நானும் ஆறு மாதம் முகம் சுளித்தேன், அப்புறம் ஜாவா பக்கம் திரும்பவே இல்லை. ஐபோனுக்கு ஸ்விஃப்ட் மொழி. அதற்கு ஒரு மேக் கணினி வேண்டும், ஆப்பிளுக்கு வருஷத்துக்கு 99 டாலர் வேறு கட்ட வேண்டும். உனக்கென்ன, கம்பெனி கட்டும். கூகுளுக்கு ஒரே ஒரு தடவை 25 டாலர் கட்டினால் போதும். ஒண்டியாக வேலை பார்க்கிற நான் ஏன் ஆண்ட்ராய்டோடு நின்றுவிட்டேன் என்று இப்போது புரிந்திருக்கும்.

மொழி வந்துவிடும். எனக்கு வருஷக்கணக்காகப் பிடிபடாமல் இருந்தது வேறு. என் போனில் ஓடுகிறது என்பதை நான் நம்பக் கூடாது, எனக்கு ஞாபகம் இருக்கிறது என்பதையும் நம்பக் கூடாது. சென்னையில் எட்டு வருஷம் குப்பை கொட்டியும் இது மண்டையில் ஏறவில்லை. மாமாதான் ஏற்றினார்.

மூன்று வருஷம் முன்னால் அவருக்காக ஏலக் கணக்கு ஆப் எழுதினேனே, நினைவிருக்கிறதா? எந்தப் படகு, என்ன மீன், எத்தனை கிலோ, யார் எடுத்தது, என்ன விலை. இவ்வளவுதான். என் மேஜையில் புது போன், வைஃபை, உலர்ந்த விரல். எல்லாம் வழுக்கிக்கொண்டு ஓடியது. முதல் நாள் விடியற்காலை துறைமுகத்தில் மாமா இருபது வரி போட்டார். சீட்டு ஒன்றைப் படம் எடுக்கலாம் என்று கேமராவைத் திறந்தார். திரும்பி வந்து பார்த்தால் ஆப் முதல் பக்கத்தில் நிற்கிறது, இருபது வரியும் இல்லை. அவர் ஒன்றும் பேசவில்லை. சட்டைப் பையிலிருந்து பழைய நோட்டை எடுத்து எழுத ஆரம்பித்தார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

அவர் போனில் ரேம் 2 ஜிபி. கேமராவுக்கு இடம் பற்றாமல், பின்னால் போயிருந்த என் ஆப்பை ஆண்ட்ராய்டு முடித்துவிட்டது. அதைக் குறை சொல்ல முடியாது, அதன் குணமே அப்படி. 'சேமி' பொத்தானை அழுத்தும்வரை எல்லாவற்றையும் ரேமிலேயே வைத்திருந்தது என் தப்பு. இப்போது ஒவ்வொரு வரியும் போட்ட கையோடு போனுக்குள் இருக்கிற டேட்டாபேஸில் இறங்கிவிடும். அதற்கு ரூம் என்ற லைப்ரரி, அதாவது தயாராக எழுதி வைத்த புரோகிராம் தொகுப்பு. சிக்னல் கிடைத்ததும் சர்வருக்கு அனுப்புகிற வேலை வொர்க்மேனேஜர் என்ற இன்னொரு லைப்ரரியுடையது, போனை அணைத்துப் போட்டாலும் அது தன் பாக்கியை மறக்காது.

நீ நாளைக்கே ஒன்று செய். போனில் டெவலப்பர் ஆப்ஷன்ஸுக்குள் 'டோன்ட் கீப் ஆக்டிவிட்டீஸ்' என்று ஒரு சுவிட்ச் இருக்கும். அதைப் போட்டுவிட்டால், நீ வேறு ஆப்புக்குப் போனதுமே விட்டுவந்த திரையை ஆண்ட்ராய்டு அழித்துவிடும். அப்படி வைத்துக்கொண்டு உன் கம்பெனி ஆப்பை அரை மணி நேரம் ஓட்டிப் பார். டீமுக்கு ஒரு மாத வேலை அதிலேயே கிடைக்கும்.

அந்த வார ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி, பாண்டி காந்தி வீதிச் சந்தையில் கீறல் விழுந்த பழைய போன் ஒன்று வாங்கி வந்தேன். அதில் ஓடாத எதுவும் இன்றுவரை என் வீட்டை விட்டு வெளியே போனதில்லை. லேப்டாப்பிலேயே போன் மாதிரி நடிக்கிற எமுலேட்டர் வசதிதான், ஆனால் அது என் லேப்டாப்பின் பலத்தில் ஓடுகிற பணக்காரப் பிள்ளை.

அடுத்த அடி தமிழிலேயே விழுந்தது. திரையில் மீன் பெயருக்கு இடம் போதவில்லை என்று 7 எழுத்தோடு வெட்டி வைத்திருந்தேன். மாமா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, "என்னடா இது, வஞ்சிரத்துக்குப் புள்ளி எங்க?" என்றார். பார்த்தால் 'வஞ்சிரம' என்று நிற்கிறது. கீழே 'நெத்தில'. அதற்கும் கீழே, கானாங்கெளுத்தி இருக்க வேண்டிய இடத்தில் 'கானாங்க'.

நம் கண்ணுக்கு வஞ்சிரம் 5 எழுத்து. கணினி எழுத்துகளுக்கு எண் கொடுத்து வைக்கிற யூனிகோடுக்கு அது 8: வ, ஞ, அதன் புள்ளி, ச, அதன் கொக்கி, ர, ம, கடைசியில் இன்னொரு புள்ளி. எட்டாவதாக நின்ற அந்தப் புள்ளியை என் கத்தி சீவிவிட்டது. ஆங்கிலத்தில் இந்தப் பிழை கண்ணில் படவே படாது. நான் சோதித்ததெல்லாம் 'டெஸ்ட் 1', 'டெஸ்ட் 2' என்று ஆங்கிலத்தில் அடித்துத்தான். ஐந்தாம் வகுப்பு வரை தமிழ் மீடியத்தில் உயிர்மெய் எழுதிக் கை வீங்கியவன் செய்கிற காரியமா இது? எழுத்து எங்கே முடிகிறது என்று பார்த்துப் பிரிக்க, பிரேக்இட்டரேட்டர் என்று ஒன்று ஆண்ட்ராய்டிலேயே இருக்கிறது. நான் அதற்கும் போகவில்லை, பெயரை வெட்டாமல் அடுத்த வரிக்கு மடங்க விட்டுவிட்டேன். உன் ஆப்பில் தமிழ் இருந்தால் எழுத்தை எண்ணுகிற 'லெங்த்' என்று எழுதியிருக்கிற ஒவ்வொரு இடத்தையும் சந்தேகப்படு.

மாமா போனில் எழுத்தின் அளவு வேறு உச்சத்தில் இருக்கும். அதனால் 'சேமி' பொத்தான் திரைக்குக் கீழே போய் ஒளிந்துகொண்ட கதையும் உண்டு. பொத்தானுக்கு 48 டிபி, அதாவது கிட்டத்தட்ட 9 மில்லிமீட்டராவது இருக்கட்டும் என்று கூகுள் சொல்கிறது. மீன் தண்ணீர் சொட்டுகிற விரலுக்கு அதுவும் கஞ்சத்தனம் என்பது மாமா கட்சி, நானும் அதே கட்சி.

அப்புறம் பணம். விலையையும் எடையையும் தசமத்தில் பெருக்கிக் கூட்டினால் மாதக் கடைசியில் நோட்டுக்கும் ஆப்புக்கும் சில காசு இடித்தது. கணினி பின்னத்தை இரும எண்ணில் வைத்திருப்பதால் 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டினால் 0.30000000000000004 வரும். கல்லூரியில் படித்துப் பரீட்சை எழுதி மார்க் வாங்கிய விஷயம். மாமா, "காசு சின்னதா பெருசான்றது கேள்வி இல்லடா, கணக்கு சேரலன்னா ஒருத்தனும் நம்ப மாட்டான்" என்றார். இப்போது எல்லாம் பைசாவில், முழு எண்ணில்.

அதோடு நான் செய்த ஒரு காரியத்தில் எனக்கே பெருமை உண்டு. மாமாவின் பழைய நோட்டுகளை வாங்கி, நாற்பது நாள் ஏலக் கணக்கை அப்படியே யூனிட் டெஸ்டாக, அதாவது ஆப்பின் கணக்கைத் தானே ஓடிச் சரிபார்க்கிற சோதனையாக எழுதி வைத்தேன். கூட்டிக் கழித்துச் சரி என்று அவர் கோடு போட்ட தொகைதான் விடை. புரோகிராமில் எங்கே கை வைத்தாலும் சில நொடிகளில் நாற்பது நாளும் ஓடிப் பச்சை காட்ட வேண்டும். புதுப் பிழை ஏதாவது வந்தால், முதலில் அதைப் பிடிக்கிற டெஸ்டை எழுதுவேன். அது சிவப்பாக நின்ற பிறகுதான் திருத்தவே உட்காருவேன். முன்பெல்லாம், "இதை அன்றைக்கே சரி பண்ணினேனே" என்று தலையைச் சொறிந்துகொண்டு நிற்பேன், உனக்கும் தெரியும்.

வெட்கத்தோடு ஒன்று சொல்ல வேண்டும். ரூம் ஒரு விஷயத்தில் கறார். திரையை வரைகிற மெயின் த்ரெட்டிலிருந்து டேட்டாபேஸைத் தொட்டால் ஆப்பையே விழுத்தாட்டிவிடும். நான் என்ன செய்தேன்? அந்தத் தடையை நீக்க ஒரு வரி இருக்கிறது, அதைப் போட்டு அதன் வாயை அடைத்தேன். ஒரு வருஷக் கணக்கு சேர்ந்ததும் மாமா போனில் திரை உறைந்தது. 5 நொடி தொட்டதற்குப் பதில் இல்லை என்றால், ஆப் வேலை செய்யவில்லை, மூடிவிடவா என்று ஆண்ட்ராய்டே கேட்கும். மாமா ஒவ்வொரு தடவையும் நல்ல பிள்ளையாக மூடிவிட்டார். கருவிகள் விஷயத்தில் என் கருத்து அதிலிருந்து ஒன்றுதான்: பிழை தேடுகிற லின்ட் மஞ்சளாகக் கோடு போட்டாலும் சரி, லீக்கேனரி என்ற கருவி மெமரி ஒழுகுகிறது என்று கத்தினாலும் சரி, வாயை அடைக்காதே. ஆண்ட்ராய்டு ஸ்டுடியோவின் புரொஃபைலரைத் திறந்து, எந்த வரி நேரத்தைத் தின்கிறது என்று கண்ணால் பார்த்துவிட்டு அப்புறம் புரோகிராமைத் தொடு. நான் ஊகித்த இடத்தில் குற்றவாளி இருந்ததே இல்லை.

ஞாபகத்தை நம்பாதே என்றேன் இல்லையா? ஃபெஞ்சல் புயலை நீ டிவியில் பார்த்திருப்பாய். போன நவம்பர் 30 ராத்திரி பாண்டிப் பக்கம் கரையைக் கடந்துவிட்டு நகராமல் நின்றுகொண்டது. பாண்டியில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை. இரண்டு நாள் கழித்து சாத்தனூர் அணையில் திறந்த தண்ணீர் தென்பெண்ணையில் வந்து சேர்ந்தது. ஆற்றுப் பக்கம் நான் வாடகைக்கு வைத்திருந்த அறைக்குள் இடுப்பளவு. லேப்டாப் மேஜையோடு மூழ்கியது. சேறு வழித்துவிட்டு, புரோகிராமின் ஒவ்வொரு மாற்றத்தையும் பதிந்து வைக்கிற கிட் என்ற கருவியிலிருந்து எல்லாவற்றையும் தம்பியின் லேப்டாப்பில் இறக்கிக்கொண்டேன். போனது அரை நாள் வேலை மட்டும்.

இதற்கு நேர்மாறாகப் பழைய கதை ஒன்று. சென்னையில் ஓர் இடத்தில் ஆப் எங்களுடையதுதான் என்று அதில் கையெழுத்திடுகிற டிஜிட்டல் சாவி என் ஒருத்தன் மெஷினில் மட்டும் இருந்தது, ஹார்ட் டிஸ்க் செத்தது. சாவி இல்லாமல் அப்டேட் போட முடியாது. அதே ஆப்பை வேறு பெயரில் புதிதாக ஏற்றி, பழைய ஆட்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டோம். பாதிப் பேர் வரவில்லை. இப்போது அந்தச் சாவியைக் கூகுளே வைத்துக்கொள்கிறது, நம்மிடம் இருப்பது ஏற்றுவதற்கான சாவி, தொலைந்தால் மாற்றித் தருவார்கள். ஆனாலும் உன் டீமில் அது யாரிடம் இருக்கிறது என்று கேட்டு வை.

வெப்பிலிருந்து வருகிற உனக்கு ஒரு எச்சரிக்கை. அங்கே தப்பு என்றால் பத்து நிமிஷத்தில் மாற்றிவிடுவாய், எல்லோருக்கும் மாறிவிடும். இங்கே ஊருக்குப் போனது போனதுதான். அப்டேட்டே செய்யாமல் வருஷக்கணக்கில் பழையதை ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள், உன் சர்வர் அவர்களுக்கும் பதில் சொல்ல வேண்டும். அதனால் எடுத்தவுடன் நூறு சதவீதத்துக்கு அனுப்பாதே. கூகுளில் ஆப் வெளியிடுகிற பிளே கன்சோலில் முதலில் 5 சதவீதம் பேருக்கு விடு, ஆப் எங்கே விழுகிறது என்று காட்டுகிற கிராஷ்லிடிக்ஸை இரண்டு நாள் பார், அப்புறம் ஏற்று. வெள்ளிக்கிழமை சாயங்காலம் வெளியிடாதே என்று உனக்குச் சொல்லத் தேவையில்லை, உன் கல்யாணத்துக்கு முந்தின நாள் நடந்தது ஞாபகம் இருக்கும்.

ஏஐ எழுதித் தருவதைப் பற்றிக் கேட்டிருந்தாய். நானும் பயன்படுத்துகிறேன், டெஸ்டுக்கு எலும்புக்கூடு போடக் கெட்டிக்காரப் பையன். மீன் பெயரை எப்படிச் சுருக்கலாம் என்று அதனிடம் கேட்டுப் பார்த்தேன். முதல் 7 எழுத்தை எடு என்றது. சிரித்துவிட்டேன்.

ஜூன் 15-லிருந்து படகுகள் கடலுக்குள் போகும். முதல் பாடு வந்து இறங்குகிற அன்று மாமா புது வெர்ஷனோடு ஏலத்துக்குப் போகிறார், நானும் கூடப் போகிறேன். முடிந்தால் அந்த வாரம் லீவு போட்டு வா. பழைய மாதிரி தேவனாம்பட்டினம் கடற்கரையில் சுண்டல் வாங்கிக்கொண்டு உட்காரலாம். வரும்போது வீட்டில் சும்மா கிடக்கிற பழைய போன் எதுவானாலும் எடுத்து வா, எவ்வளவு மட்டமாக இருந்தாலும் சரி. பதிலுக்கு ஒரு முழுப் பலா தருகிறேன். அக்காவையும் குழந்தைகளையும் கேட்டதாகச் சொல்.

உன் கடைசி பெஞ்சுத் தோழன்

பி.கு.: மாமா அந்த நோட்டை இன்னமும் சட்டைப் பையில்தான் வைத்திருக்கிறார்.