ஒரே பணம், இரண்டு பெயர்

உல்சான்
24 நவம்பர் 2024

அன்புள்ள நண்பர் ராமநாதன் அவர்களுக்கு,

வணக்கம். தீபாவளியன்று நீங்கள் எழுதிய கடிதம் மகன் வீட்டு முகவரிக்கு நலமாக வந்து சேர்ந்தது. உங்கள் முழங்கால் வலி குறைந்து, காலையில் கோயில் குளத்தைச் சுற்றி நடக்கத் தொடங்கிவிட்டீர்கள் என்று அறிந்து மகிழ்ந்தேன். கடிதத்தின் இறுதியில், "கொரியா வளர்ந்ததே ஜப்பான் கொடுத்த பணத்தில்தான் என்கிறார்களே, உண்மையா?" என்று கேட்டிருந்தீர்கள். சென்ற வாரம் மகன் என்னைப் போஹாங் நகருக்கு அழைத்துச் சென்றிருந்ததால் இந்தக் கேள்வி எனக்குள்ளும் ஓடிக்கொண்டிருந்தது. இங்கிருந்து வடக்கே ஒரு மணி நேரப் பயணம். யோங்கில் விரிகுடாவின் கரையில் இருட்டிய பின் நின்று பார்த்தால், எதிர்க்கரை முழுவதும் போஸ்கோ உருக்காலையின் விளக்குகள். பிலாயில் முப்பது ஆண்டுகள் ஊதுலைக்கு அருகிலேயே வாழ்ந்த நமக்கு அந்தக் காட்சி என்ன செய்யும் என்பதை உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

உங்கள் கேள்விக்கு ஆம் என்றும் சொல்லலாம், இல்லை என்றும் சொல்லலாம். அந்தப் பணத்தை என்ன பெயரால் அழைப்பது என்பதில்தான் இரு நாடுகளும் ஏறத்தாழ அறுபது ஆண்டுகளாக முரண்பட்டு நிற்கின்றன.

1910 முதல் 1945 வரை ஜப்பானின் ஆட்சியில் இருந்த கொரியாவுக்கு, போருக்குப் பின் 1951-இல் சான்பிரான்சிஸ்கோவில் ஜப்பானுடன் கையெழுத்தான சமாதான உடன்படிக்கையில் இடம் கிடைக்கவில்லை. ஆகவே ஜப்பானுடன் தனியாகப் பேச வேண்டியதாயிற்று. அந்தப் பேச்சு அதே ஆண்டில் தொடங்கிப் பதினான்கு ஆண்டுகள் இழுத்தது. 1952 ஜனவரியில் அதிபர் சிங்மன் ரீ கடலில் ஓர் எல்லைக்கோட்டை வரைந்து, அதைத் தாண்டி வந்த ஜப்பானிய மீன்பிடிப் படகுகளைப் பிடிக்கத் தொடங்கினார்; நூற்றுக்கணக்கான படகுகள் பிடிபட்டன. 1953-இல் ஜப்பானியத் தரப்பில் பேசிய குபோட்டா, ஜப்பானின் ஆட்சி கொரியர்களுக்கு நன்மையும் செய்தது, ரயில் பாதைகளும் துறைமுகங்களும் வந்தன என்ற பொருளில் பேசப்போக, பேச்சு முறிந்து நான்கு ஆண்டுகளுக்கு மேல் நின்றுபோனது. அதே வாதத்தை வெள்ளைக்காரனைப் பற்றி நம் ஊர்த் திண்ணைகளில் நாமும் கேட்டிருக்கிறோம் அல்லவா?

1961-இல் ராணுவப் புரட்சியால் ஆட்சிக்கு வந்த பார்க் சுங்-ஹீக்குப் பணம் உடனடியாகத் தேவைப்பட்டது. அமெரிக்காவும், தன் இரு கூட்டாளிகள் ஒருவரோடொருவர் பேசாமல் இருப்பதை விரும்பவில்லை. 1962 நவம்பரில் பார்க் சுங்-ஹீயின் உளவுத்துறைத் தலைவர் கிம் ஜோங்-பில்லும் ஜப்பானிய வெளியுறவு அமைச்சர் ஓஹிராவும் சந்தித்து, தொகைகளை ஒரு குறிப்பில் எழுதி முடித்துவிட்டார்கள். செய்தி கசிந்தபோது, நாட்டை மலிவாக விற்றுவிட்டார்கள் என்று மாணவர்கள் தெருவில் இறங்கினார்கள். 1964 ஜூன் 3 அன்று சியோலில் ராணுவச் சட்டம் அறிவிக்கப்பட்டது. அப்போராட்டத்தில் சிறை சென்ற மாணவர்களில் ஒருவரான லீ மியுங்-பாக் பின்னாளில் நாட்டின் அதிபரானார். எதிர்ப்பை மீறி 1965 ஜூன் 22 அன்று டோக்கியோவில், உறவைச் சீராக்கும் உடன்படிக்கையும் பணத்துக்கான ஒப்பந்தமும் கையெழுத்தாயின. 30 கோடி டாலர் இனாமாக, 20 கோடி டாலர் நீண்டகாலக் கடனாக, அதற்கு மேல் 30 கோடி டாலருக்குக் குறையாத வணிகக் கடன். கொரியாவின் ஓராண்டு ஏற்றுமதி அப்போதுதான் 10 கோடி டாலரைத் தொட்டிருந்தது என்பதைச் சேர்த்துப் பார்த்தால் தொகையின் எடை விளங்கும்.

உடன்படிக்கையின் இரண்டாம் பிரிவு, கொரியாவை ஜப்பானுடன் இணைத்த ஒப்பந்தம் கையெழுத்தான 1910 ஆகஸ்ட் 22 அன்றும் அதற்கு முன்பும் இரு நாடுகளுக்கிடையே ஏற்பட்ட ஒப்பந்தங்கள் எல்லாம் "ஏற்கெனவே செல்லாதவை" என்கிறது. இந்த "ஏற்கெனவே" என்ற சொல்லைத் தேடிப்பிடித்தவர் யாராயினும் அவர் கைதேர்ந்தவர். கொரியப் பிரதியில் உள்ள "இமி" என்ற சொல்லுக்கு, இங்கே பள்ளியில் படிக்கும் என் பேத்தியிடம் பொருள் கேட்டேன். "முன்னாடியே ஆயிடுச்சு தாத்தா" என்றாள். அதன்படி அந்த ஒப்பந்தங்கள் தொடக்கத்திலிருந்தே செல்லாதவை, ஜப்பானின் ஆட்சி முழுவதும் சட்டவிரோதமானது என்று கொரியா படித்துக்கொண்டது. அவை அப்போது செல்லுபடியாகி, இப்போது காலாவதியாகிவிட்டன என்று ஜப்பான் படித்துக்கொண்டது. பணத்திலும் இதே கதைதான். கொரியாவில் அதற்கு "உரிமைக்கோரல் நிதி" என்று பெயர். ஜப்பானிய நாடாளுமன்றத்திலோ அது பொருளாதார ஒத்துழைப்பு, புதிதாகச் சுதந்திரம் பெற்ற நாட்டுக்கு ஒரு வாழ்த்துப் பணம். பணத்துக்கான ஒப்பந்தத்தின் தலைப்பிலேயே இரு பெயர்களையும் அடுத்தடுத்து எழுதிவிட்டு, இரு நாட்டு மக்களின் உரிமைக்கோரல்களும் "முழுமையாகவும் இறுதியாகவும்" தீர்ந்தன என்று ஒரு வரியையும் சேர்த்தார்கள். பிற்பாடு வந்த வழக்குகள் எல்லாம் இந்த ஒரு வரியைச் சுற்றியே நடந்தன.

இனாமாக வந்த 30 கோடி ரொக்கமாக வரவில்லை. பத்து ஆண்டுகளில், ஜப்பானியப் பொருள்களாகவும் ஜப்பானியரின் சேவைகளாகவும் வந்தது. கொடுத்தவரின் ஆலைகளுக்கும் அதனால் ஆர்டர் கிடைத்தது. பிறகு அந்த இயந்திரங்களுக்கு உதிரிப் பாகங்கள், அதே தரத்தில் மூலப்பொருள்கள் என்று வாங்கிக்கொண்டே இருக்க வேண்டியதாயிற்று. உறவு சீரானதிலிருந்து கொரியா ஜப்பானுடனான வணிகத்தில் ஆண்டுதோறும் பற்றாக்குறையையே கண்டிருக்கிறது என்றால் நம்புவீர்களா?

போஹாங்குக்கு வருகிறேன். 1968 ஏப்ரலில் போஸ்கோ நிறுவனம் தொடங்கியபோது கையில் இருந்தது கடற்கரை மணல் மட்டுமே. காற்றடித்தால் மணல் பறக்கும் அந்த இடத்தில் நின்ற இரண்டு மாடி மரக் கட்டடத்துக்கு, பாலைவனப் போர்த் தளபதியின் நினைவாக, ரோம்மெல் ஹவுஸ் என்று ஊழியர்கள் பெயர் வைத்தார்கள். கடன் தருவதாகச் சொன்ன மேலைநாட்டு நிறுவனங்களின் கூட்டமைப்பு கைவிரித்தது. இவ்வளவு ஏழை நாட்டுக்கு ஒருங்கிணைந்த உருக்காலை கட்டுபடியாகாது என்று உலக வங்கியும் கருதியது. அப்போதுதான் நிறுவனத்தின் தலைவர் பார்க் டே-ஜூன், உழவுக்கும் மீன்வளத்துக்கும் என்று ஒதுக்கியிருந்த உரிமைக்கோரல் நிதியைத் திருப்பிவிடலாம் என்று யோசித்து, ஜப்பானிய உருக்கு நிறுவனங்களின் ஒப்புதலைத் தேடிப் போனார். யவாத்தா, ஃபுஜி ஆகியவையும் (1970-இல் இவ்விரண்டும் இணைந்துதான் நிப்பான் ஸ்டீல் ஆனது) நிப்பான் கோக்கானும் தொழில்நுட்பம் தர முன்வந்தன. இனாம், கடன் இரண்டும் சேர்ந்த 50 கோடியில் ஏறத்தாழ 12 கோடி டாலர் இந்த ஆலைக்கே போனது. இது முன்னோர்களின் இரத்தத்துக்குக் கிடைத்த விலை, தோற்றால் அனைவரும் வலப்புறம் திரும்பிக் கடலில் குதிப்போம் என்று பார்க் டே-ஜூன் தம் ஆட்களிடம் சொல்வாராம். 1973 ஜூனில் முதல் உருகிய இரும்பு வழிந்தது. முதற்கட்டத் திறன் ஆண்டுக்கு 10 லட்சத்து 30 ஆயிரம் டன்.

பிலாயின் முதற்கட்டமும் 10 லட்சம் டன்தான், அதுவும் நமக்குப் பதினான்கு ஆண்டுகள் முன்னதாகவே வந்தது. நம் சோவியத் பொறியாளர்களுடன் நாம் பழகிய விதத்தில் பழைய கணக்கு எதுவும் குறுக்கே நிற்கவில்லை. போஹாங்கில் தன் தந்தையைச் சுரங்கத்துக்கு இழுத்துச் சென்ற நாட்டின் பொறியாளரிடம் ஊதுலையை இயக்கக் கற்ற ஒருவன் இருந்திருப்பான். அவன் மனத்தை என்னால் முழுமையாக எட்டிப் பார்க்க முடியவில்லை.

ஜப்பானின் ஆட்சியில் கட்டாய உழைப்புக்குக் கொண்டுசெல்லப்பட்ட கொரியர்களுக்கு அந்தப் பணத்தில் கிடைத்தது எவ்வளவு தெரியுமா? 1975-க்கும் 1977-க்கும் இடையில், இறந்துபோன 8,552 பேரின் குடும்பங்களுக்குத் தலைக்கு 3 லட்சம் வோன். காயத்தோடு திரும்பியவர்களுக்கு எதுவும் இல்லை. தனிமனிதர்களுக்கான ஈட்டைத் தானே பார்த்துக்கொள்வதாகப் பேச்சுவார்த்தையில் சொன்னது கொரிய அரசுதான் என்பது 2005-இல் ஆவணங்கள் வெளியானபோது எல்லோருக்கும் தெரிந்தது. ஆகவே ஜப்பானை மட்டும் குறை சொல்லி முடித்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை.

2018 அக்டோபர் 30 அன்று கொரிய உச்ச நீதிமன்றம், 1965-இன் ஒப்பந்தம் சட்டவிரோத ஆட்சியின் கீழ் நடந்த கட்டாய உழைப்புக்கான மனத்துயர் இழப்பீட்டை உள்ளடக்கவில்லை என்று கூறி, நால்வருக்குத் தலைக்கு 10 கோடி வோன் வழங்க ஒரு நிறுவனத்துக்கு உத்தரவிட்டது. வழக்குப் போட்டவர்களில் அப்போது உயிரோடு இருந்தவர் ஒருவர் மட்டுமே. அவருக்கு வயது 94. அந்த நிறுவனம், போஸ்கோவுக்குத் தொழில் கற்றுக்கொடுத்த அதே நிப்பான் ஸ்டீல். எல்லாம் 1965-இலேயே முடிந்தது என்பது டோக்கியோவின் பதில். அடுத்த ஜூலையில் ஹைட்ரஜன் ஃப்ளூரைடு, ஃபோட்டோரெசிஸ்ட் உள்ளிட்ட மூன்று பொருள்களின் ஏற்றுமதியை ஜப்பான் இறுக்கியது. கொரியாவின் கணினிச் சில்லுத் தொழிலுக்கு அவை உயிர்நாடி. தீர்ப்புக்கும் இதற்கும் தொடர்பில்லை என்று ஜப்பான் சொன்னது. சியோலில் அதை நம்பியவர்கள் அரிது. மக்கள் வாங்க மறுத்ததால் கடைகளில் ஜப்பானிய பீர் தேங்கிக் கிடந்ததாக என் மகன் நினைவுகூர்கிறான்.

2023 மார்ச்சில் அதிபர் யூன் ஒரு வழி கண்டார். ஜப்பானிய நிறுவனங்களுக்குப் பதிலாகக் கொரிய அறக்கட்டளை ஒன்று அந்தத் தொகையைக் கொடுத்துவிடும். அதற்கு முதலில் பணம் போட முன்வந்தது போஸ்கோ, 400 கோடி வோன். சிலர் பெற்றுக்கொண்டார்கள், சிலர் முதலில் மறுத்தார்கள். ராஜதந்திரமாகப் பார்த்தால் கெட்டிக்காரத்தனம்தான். ஆனால் "ஏற்கெனவே" என்ற சொல்லைப் போலவே இதுவும் கேள்விக்கு விடை சொல்லாமல் அதைச் சுற்றிக்கொண்டு போகும் வேலை என்றே எனக்குப் படுகிறது.

ஒன்றை மட்டும் சொல்லி முடிக்கிறேன், நீங்கள் ரசிப்பீர்கள். தீர்ப்புத் தொகைக்காக 2019 ஜனவரியில் நிப்பான் ஸ்டீலின் சொத்தை முடக்க உத்தரவிட்டது போஹாங்கில் உள்ள நீதிமன்றமே. முடக்கியது எதைத் தெரியுமா? போஸ்கோவும் நிப்பான் ஸ்டீலும் கூட்டாக நடத்தும் ஒரு நிறுவனத்தில் உள்ள பங்குகளை. உருக்காலையில் சேரும் தூசியிலிருந்து இரும்பை மீட்டெடுப்பது அதன் தொழில். பிலாயில் வீட்டுக்குப் போகும்போது நம் சட்டையிலிருந்து எத்தனை முறை உதறியிருப்போம், அதே தூசி.

ஜனவரி இறுதியில் ஊர் திரும்புகிறேன். வீட்டில் அனைவரையும் விசாரித்ததாகச் சொல்லுங்கள்.

அன்புடன்,
தங்கள் நண்பன்
வேங்கடாசலம்