மருந்துக் கடைச் சகோதரிக்கு நன்றி

சோமனூர்ப் பகுதியில் மருந்துக் கடையொன்றில் பணியாற்றும், பெயரறியாத சகோதரி ஒருவருக்கு என் நன்றியைத் தெரிவித்துக்கொள்கிறேன். பஞ்சு பறக்கும் விசைத்தறிக் கூடத்தில் பீடி பற்றவைக்க இயலாது என்பதால், இரவு ஷிப்டில் கண் அயராமலிருக்கக் கன்னத்தில் புகையிலை ஒதுக்கும் பழக்கம் எங்களில் பலருக்கு உண்டு, எனக்கும் இருந்தது. அப்பழக்கத்தை விட உதவும் நிகோடின் சூயிங்கம் கேட்டுச் சென்ற என்னிடம் அட்டையை நீட்டிக் காசு வாங்கிக்கொள்வதோடு நில்லாமல், அதை மிட்டாய்போல் விடாது மெல்லக் கூடாது, காரம் ஏறியதும் நிறுத்திக் கன்னத்துக்கும் ஈறுக்கும் இடையே ஒதுக்கி வைத்து, காரம் அடங்கிய பின்பே மீண்டும் மெல்ல வேண்டும் என்று அவர் பொறுமையாக விளக்கினார். (ஒதுக்கி வைப்பதில் எனக்குப் பயிற்சி தேவைப்படவில்லை என்பது வேறு.) “டீ குடிச்சுட்டுக் கால் மணி நேரம் கழிச்சுப் போடுங்கண்ணா, இல்லீனா மருந்து சரியா உடம்புல சேராதுங்க” என்று அவர் சொன்னதே எனக்குப் பெரிதும் பயன்பட்டது, ஏனெனில் தறி ஓட்டுபவர்களுக்கு டீயும் புகையிலையும் பெரும்பாலும் சேர்ந்தே வருபவை. புகையிலைப் பொருட்களின் உறையில் அச்சிடப்படும் 1800-11-2356 என்ற இலவச உதவி எண்ணையும் அவரே சுட்டிக்காட்டினார். ஆசை எழும் அந்தச் சில நிமிடங்களைக் கடப்பது இப்போது எனக்குக் கைவந்துவிட்டது. உடன் பணிபுரியும் இருவரையும் அவரிடமே அனுப்பியிருக்கிறேன்.