போர் நினைவுச்சின்னம் எழுப்ப உங்கள் பங்கு வேண்டும்

கடலூர் வட்டார மக்களுக்கும் வெளியூர், வெளிநாடுகளில் இருக்கும் நம் ஊர்ப் பிள்ளைகளுக்கும் வணக்கம்.

நம் பகுதியிலிருந்து ராணுவத்துக்குப் போய் உயிரைக் கொடுத்தவர்களுக்கு நினைவுச்சின்னம் எழுப்பப் போகிறோம். வரைபடம் தயார். இனி வேண்டியது பணம்தான்.

புதுச்சேரி கடற்கரைச் சாலையில், முதல் உலகப் போரில் இறந்த பிரெஞ்சிந்திய வீரர்களுக்கு 1938-இல் திறந்த நினைவுச்சின்னத்தைப் பார்த்திருப்பீர்கள். அதுபோல உயரமான தூண்கள் வேண்டும் என்று கூட்டத்தில் சிலர் கேட்டார்கள். நியாயமான ஆசைதான். ஆனால் 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் நம்மைப் படுத்திய பாட்டை யாரும் மறக்கவில்லை. அதனால் ஆளுயரத்துக்குக் கருங்கல் சுவர் போதும் என்று முடிவானது. அதன் நடுவில், தலைகீழாக ஊன்றிய துப்பாக்கியும் மேலே ஹெல்மெட்டும். டெல்லி இந்தியா கேட்டில் 1972-இல் அமைத்த அதே வடிவம். நாங்கள் அதையும் கல்லிலேயே செதுக்குகிறோம். உப்புக்காற்றில் உள்ளிருக்கும் இரும்பு துருப்பிடித்துப் பருத்தால் காங்கிரீட் வெடித்துவிடும். ஒட்டவைத்த உலோக எழுத்துகளும் நாளடைவில் விழுந்துவிடும்.

எங்களுக்கு எல்லாவற்றையும்விட முக்கியம் பெயர்கள். நடுகல்லில் வீரனின் பெயரையும் பெருமையையும் எழுதிய மரபு நம்முடையது. பெயர், ஊர், படைப்பிரிவு, இறந்த ஆண்டு எல்லாம் தமிழில் வரும். பதவி வரிசை கிடையாது. சிப்பாயானாலும் அதிகாரியானாலும் இறந்த தேதிப்படிதான். கண் மங்கிய தாயும் விரலால் தடவி மகன் பெயரைக் கண்டுகொள்ளும் அளவுக்கு எழுத்தை ஆழமாக வெட்டச் சொல்லியிருக்கிறோம். இதற்குக் கூலி எழுத்துக் கணக்கில்தான். ஆகவே ஒரு பெயருக்கான செலவை ஒரு குடும்பமோ, ஒரு தெருவோ, ஒரு வகுப்பில் படித்தவர்களோ சேர்ந்து ஏற்கலாம்.

நன்கொடையாளர் பெயர் கல்லில் வராது. அந்த இடம் உயிரைக் கொடுத்தவர்களுக்கு மட்டுமே. மற்றபடி ஒவ்வொரு ரூபாய்க்கும் ரசீது உண்டு. வரவு செலவு மாதாமாதம் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படும். பணம் இல்லாதவர்கள் அஸ்திவார வேலைக்குக் கைகொடுக்கலாம், வேலையாட்களுக்கு ஒருவேளைச் சாப்பாடு போடலாம்.

அப்புறம் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில் ராணுவத்துக்குப் போய் உயிரைக் கொடுத்த ஒருவர் இருந்திருந்தால், பணிச் சான்றின் நகலோடு குழுவினரிடம் வாருங்கள். ராணுவப் பதிவில் பெயர் ஆங்கிலத்தில் இருப்பதால் றகர ரகரம், ணகர னகரம் மாறிவிட வாய்ப்புண்டு. கல்லில் வெட்டிய பிறகு திருத்த முடியாது. சிற்பியிடம் பட்டியல் போவதற்கு முன்பே நீங்கள் பார்த்துச் சரி சொல்ல வேண்டும்.

இப்படிக்கு,
நினைவுச்சின்னக் குழுவினர், கடலூர்