ஊரைக் கேட்டுவிட்டு ஊரின் ஆட்சிமுறையை மாற்றுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குமரி மாவட்டத்துப் பேரூராட்சிகளை இரண்டு மூன்றாகச் சேர்த்து நகராட்சிகளாக்க வேண்டும் என்று ஒரு வாசகர் உங்கள் பத்திரிகையில் எழுதியிருந்தார். அவர் சொல்லும் காரணங்களில் பாதி எனக்கும் சம்மதம்தான். சின்னப் பேரூராட்சியில் அடைத்துக்கொண்ட ஓடையைத் தூர்வார ஒரு ஜேசிபி வாடகைக்கு எடுப்பதற்குள் மழைக்காலமே முடிந்துவிடும். ஆனால் சேர்ப்பதா வேண்டாமா என்பதை யார் தீர்மானிப்பது என்று அவர் எழுதவில்லை. எனக்கு அதுதான் முதல் கேள்வி.

நான் கல்குளம் வட்டத்தில் ஒரு பேரூராட்சியில் பில் கலெக்டராக இருந்து ஓய்வு பெற்றவன். வரி கேட்டு வாசலில் நிற்பவனிடம் ஜனங்கள் எதையும் மறைக்க மாட்டார்கள். குழாயில் தண்ணீர் இல்லை, லைட் எரியவில்லை என்பதெல்லாம் தினப்படி கேட்பது. அதைத் தாண்டி அடிக்கடி காதில் விழுந்தது, "நாங்க டவுனா சாரே, பஞ்சாயத்தா?" என்ற கேள்விதான். அவர்களைக் குறை சொல்ல முடியாது. 2004இல் அரசு தமிழ்நாட்டின் பெரும்பாலான பேரூராட்சிகளைக் கிராம ஊராட்சிப் பட்டியலுக்கு மாற்றியது. போர்டு மாறியது, ரப்பர் ஸ்டாம்ப் மாறியது. 2006இல் ஆட்சி மாறியதும் எல்லாம் பழையபடி பேரூராட்சி. மிச்சம் கிடந்த ரசீதுப் புத்தகங்களைக் கட்டுக்கட்டாக அலமாரிக்கு மேலே ஏற்றிவைத்தோம். இரண்டு தடவையும் ஊரில் ஒருவரிடமும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆபீசில் இருந்த எங்களுக்கே உத்தரவு வந்தபிறகுதான் தெரியும்.

தலைவர் தேர்தல் கதையும் இதேதான். 1996இலும் 2001இலும் பேரூராட்சித் தலைவருக்கு மக்கள் நேரடியாக ஓட்டுப் போட்டார்கள். 2006இல் கவுன்சிலர்கள் கூடித் தேர்ந்தெடுத்தார்கள். 2011இல் மறுபடியும் மக்கள். 2022இல் மறுபடியும் கவுன்சிலர்கள். நேரடித் தேர்தல் நல்லதா, மறைமுகத் தேர்தல் நல்லதா என்று இரண்டு பக்கமும் பேசலாம். நேரடியாக வந்த தலைவரும் எதிர்க்கட்சி கவுன்சிலர்களும் மல்லுக்கட்டி ஒரு தீர்மானமும் நிறைவேறாமல் போன மன்றத்தையும் பார்த்திருக்கிறேன். கவுன்சிலர்களைச் சரிக்கட்டுவதிலேயே காலம் தள்ளிய தலைவரையும் பார்த்திருக்கிறேன். எதுவானாலும் ஊரார் யோசித்துச் செய்த மாற்றம் என்று இதில் ஒன்றுகூட இல்லை. எல்லாம் சென்னையில் முடிவானது.

இது வெறும் போர்டு சமாசாரம் இல்லை, சோற்று விஷயம். எங்கள் வார்டில் பாதி ரப்பர் தோட்டம். மிச்சம் மரச்சீனியும் (மரவள்ளி) வாழையும். ஆனால் பேரூராட்சியும் நகரக் கணக்கில் வருவதால், 2011 கணக்கெடுப்பில் இந்த மாவட்டத்து மக்களில் 82 சதவீதம் பேர் நகரவாசிகள்! இலை உதிரும் காலத்திலும் அடைமழையிலும் ரப்பர் பால்வெட்டு நின்றுவிடும். அப்போது வெட்டுத் தொழிலாளி வீட்டில் அடுப்பு எரிய உதவக்கூடிய நூறு நாள் வேலை எங்களுக்குக் கிடையாது. அதன் பெயரும் நாள் கணக்கும் எப்படி மாறினாலும் அது கிராம ஊராட்சிக்குத்தான். பக்கத்து ஊராட்சியில் அதே தோட்டத்தில் கூடவே வெட்டும் பெண்ணுக்கு உண்டு. எல்லைக்கல்லுக்கு இந்தப் பக்கம் குடியிருப்பவளுக்கு இல்லை. சொத்து வரியையும் பாருங்கள். 2022 ஏப்ரலில் நகர்ப்புறங்களுக்கு வரியை உயர்த்தினார்கள். பேரூராட்சியில் 600 சதுர அடி வரையுள்ள வீட்டுக்கு 25 சதவீதம். பிறகு 50, 75 என்று ஏறி, 1800 சதுர அடிக்கு மேல் போனால் 100 சதவீதம். நான் அப்போது வேலையில் இல்லை, தப்பித்தேன். இருந்திருந்தால் "பஞ்சாயத்தா இருந்தா இந்த வரி வருமா சாரே?" என்று கேட்பவர்களுக்கு வாசல்தோறும் பதில் சொல்லி மாளாது.

கிராம சபையையும் இதோடு சேர்க்க வேண்டும். ஊராட்சி என்றால் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருஷத்துக்கு ஆறு நாள் கிராம சபை. ஒரு கிழவி எழுந்து நின்று "கணக்கைக் காட்டு" என்று கேட்கலாம். நகர்ப்புறத்துக்கும் பகுதி சபை, வார்டு குழு என்று 2022இல் விதி வந்தது. சரி, வந்தது. ஆனால் எங்கள் தெருவில் பத்துப் பேரைப் பிடித்துக் கேளுங்கள், அவர்கள் பகுதி சபை எங்கே, எப்போது கூடியது என்று. நான் கேட்டுப் பார்த்துவிட்டேன்.

களியக்காவிளையில் நின்று பார்த்தால் இன்னும் வேடிக்கை. இந்தப் பக்கம் பேரூராட்சி. அந்தப் பக்கம் கேரளத்தின் பாறசாலை, கிராமப் பஞ்சாயத்து. அதே ரோடு, அதே கடைகள், அதே மரச்சீனி. கேரளத்தில் பேரூராட்சி என்ற அமைப்பே கிடையாது. கிராமப் பஞ்சாயத்து, இல்லையென்றால் நகராட்சி, மாநகராட்சி. அங்கே ஒவ்வொரு வார்டின் வாக்காளர்களும் சேர்ந்தால் அதுவே கிராம சபை. 1956 நவம்பர் 1 வரை நாம் எல்லாரும் திருவிதாங்கூர்-கொச்சி என்ற ஒரே மாநிலம்தான். கேரளம் செய்வதெல்லாம் சரி என்று நான் சொல்ல வரவில்லை (அப்படிச் சொல்லிவிட்டு எங்கள் பக்கம் நிம்மதியாக டீக்கடைக்குப் போக முடியாது). ஒரே மாதிரி ஊரை இரண்டு விதமாக ஆளலாம் என்பதற்குத் தொலைதூரம் போக வேண்டாம், மாநில எல்லையைத் தாண்டினால் போதும் என்கிறேன்.

எந்த ஊர் எந்த வகை என்று முடிவு செய்ய என்னென்ன பார்க்க வேண்டும் என்று அரசியல் சட்டத்தின் 243கியூ பிரிவு சொல்கிறது. மக்கள் தொகை, நெருக்கம், உள்ளூர் வருமானம், விவசாயம் அல்லாத வேலையில் இருப்போரின் சதவீதம், பொருளாதார முக்கியத்துவம். ஊரார் விருப்பம் அந்தப் பட்டியலில் வெளிப்படையாக இல்லை. அறிவிப்பு வரும், ஆட்சேபனைக்குக் கொஞ்ச நாள் அவகாசம் வரும், பிறகு முடிந்தது. ஆளூரும் தெங்கம்புதூரும் நாகர்கோவிலோடு சேர்ந்தன. கொல்லங்கோடும் ஏழுதேசமும் சேர்ந்து நகராட்சி ஆயின. அந்த ஊர்களுக்கு நன்மையா தீமையா என்று அங்கே இருப்பவர்கள்தான் சொல்ல வேண்டும். சொல்ல ஓர் இடம் வேண்டாமா? உள்ளாட்சிக்குப் பணம் பிரிக்க ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை மாநில நிதி ஆணையம் உண்டு. வார்டு எல்லை பிரிக்க 2017 முதல் மறுவரையறை ஆணையம் உண்டு. தேர்தல் நடத்த ஓர் ஆணையம் உண்டு. உங்கள் ஊருக்கு எப்படிப்பட்ட ஆட்சி வேண்டும் என்று கேட்கத்தான் ஒருவரும் இல்லை.

என் அக்கா மகள் அமெரிக்காவில் மொன்டானா மாநிலத்தில் நர்ஸ் வேலை பார்க்கிறாள். இதை ஒருநாள் போனில் புலம்பியபோது அவள் சொன்னதைக் கேட்டு ஆச்சரியப்பட்டேன். அந்த மாநிலத்தின் 1972ஆம் வருஷத்து அரசியல் சட்டப்படி, பத்து வருஷத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு ஊரிலும் வாக்குச்சீட்டிலேயே கேட்க வேண்டும்: உங்கள் உள்ளாட்சி அமைப்பை மறு ஆய்வு செய்ய வேண்டுமா? 2024 ஜூனில் அப்படிக் கேட்டார்கள். வேண்டாம் என்ற ஊர்கள் நிறைய; அங்கே பேச்சு அதோடு முடிந்தது. வேண்டும் என்ற ஊர்களில் நவம்பரில் ஆய்வுக்குழுவுக்கு ஆட்களை மக்களே தேர்ந்தெடுத்தார்கள். வாக்குச்சீட்டில் கட்சிப் பெயர் கிடையாது. பதவியில் இருக்கும் மேயரோ கவுன்சிலரோ தன் ஊரின் ஆய்வுக்குழுவில் உட்கார முடியாது. சம்பளமும் இல்லை, செலவுக் காசு மட்டும். மேயர் கையில் அதிகாரம் இருக்கட்டுமா, மன்றம் சம்பளத்துக்கு ஒரு மேலாளரை வைத்துக்கொள்ளலாமா, வார்டு எத்தனை என்று ஊர் ஊராகக் கூட்டம் போட்டுக் கேட்பார்கள். கடைசியில் அவர்கள் சொல்லும் மாற்றமும் வாக்கெடுப்புக்கு வந்துதான் தீர வேண்டும்.

அது சின்ன ஜனத்தொகை உள்ள மாநிலம், நமக்கு ஒத்துவருமா என்று கேட்பார்கள். அப்படியே எடுத்து ஒட்ட நானும் சொல்லவில்லை. ஆனால் அதே மாதிரி ஒரு குழு எங்கள் ஊரில் உட்கார்ந்தால் என்ன கேட்கும் என்று யோசித்துப் பார்க்கிறேன். பேரூராட்சி ஆபீசை நடத்தும் செயல் அலுவலரை மன்றம் நியமிக்கவும் முடியாது, மாற்றவும் முடியாது. அவர் பாதி வேலையில் இருக்கும்போதே மாறுதல் உத்தரவு வரும். இதற்கு ஒரு வழி உண்டா? மீன் சந்தை ஏலத்தில் வரும் பணம், நகராட்சியாகிப் பக்கத்து ஊரோடு சேர்ந்த பிறகு எங்கள் சந்தைக்குக் கூரை போட வருமா? மூன்று ஊர் சேர்ந்தால் ஆபீஸ் எந்த ஊரில், கிழவனும் கிழவியும் பிறப்பு இறப்புச் சான்றிதழுக்கு எத்தனை பஸ் ஏற வேண்டும்? இதற்கெல்லாம் பதில் தெரிந்தபிறகு நகராட்சிதான் வேண்டும் என்று ஊர் சொன்னால் நானும் கையெழுத்துப் போடுகிறேன்.

குழு போட்டால் கட்சிக்காரர்கள்தான் உள்ளே நுழைவார்கள் என்று என் நண்பர் ஒருவர் சிரிக்கிறார். நுழையட்டும். வெளிப்படையாக ஊர் மண்டபத்தில் உட்கார்ந்து பேசும் கட்சிக்காரர், மூடிய அறையில் பேசுபவரைவிட மேல்.

2022 பிப்ரவரியில் தேர்ந்தெடுத்த பேரூராட்சி மன்றங்களின் காலம் 2027 தொடக்கத்தில் முடிகிறது. காலம் முடிந்தும் தேர்தல் நடத்தாமல் கிராம ஊராட்சிகளைத் தனி அலுவலர்கள் கையில் கொடுத்ததையும் 2025 ஜனவரியில் பார்த்தோம். எந்த ஊரைச் சேர்ப்பதானாலும் பிரிப்பதானாலும், அதற்கு முன்னால் கவுன்சிலர் அல்லாத உள்ளூர்க்காரர்கள் குழு ஒன்று வேண்டும். வார்டுக்கு ஒரு கூட்டமாவது நடக்க வேண்டும். வரவு செலவும் வரி மாற்றமும் தமிழில் எழுதி ரேஷன் கடை வாசலில் ஒட்ட வேண்டும். முடிவு ஓட்டுக்கு வர வேண்டும். இதற்குச் சட்டத் திருத்தம் தேவைப்படும், தெரியும். மாவட்டத்தில் ஆறு எம்.எல்.ஏ.க்கள் இருக்கிறார்கள். கட்சி எதுவானாலும் சரி, ஒருவராவது சட்டமன்றத்தில் இதைக் கேள்வியாக எழுப்பி, அமைச்சர் சொல்லும் பதிலை உங்கள் பத்திரிகைக்கு அனுப்பட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பில் கலெக்டர்,
கல்குளம் வட்டம், குமரி மாவட்டம்.