அரிசி இருபது கிலோ, பருப்பு ஒரு கிலோ: உணவுத் துறைக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய உணவுத் துறை அமைச்சர் அவர்களுக்கும் நுகர்பொருள் வாணிபக் கழக அதிகாரிகளுக்கும் வணக்கம்.

எங்கள் ரேஷன் அட்டையில் நாலு பேர். மாதம் 20 கிலோ அரிசி, காசில்லாமல். துவரம்பருப்பு 1 கிலோ, 30 ரூபாய். பாமாயில் 1 லிட்டர், 25 ரூபாய். 2011 ஜூனிலிருந்து அரிசி இலவசமாக வருகிறது. அது எத்தனை வீட்டில் உலையை அணையாமல் வைத்திருக்கிறது என்று எனக்குத் தெரியும், அதைக் குறை சொல்ல இந்த மடலை எழுதவில்லை. ஆனால் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆளுக்கு ஒரு நாளைக்கு அரிசி 160 கிராமுக்கு மேல் வருகிறது. பருப்பு? 8 கிராம். ஹைதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட உணவு வழிகாட்டி, ஒருவருக்கு ஒரு நாளில் தானியம் 250 கிராம், பருப்பு பயறு வகை 85 கிராம் என்கிறது. தானியத்தில் பாதிக்கு மேல் ரேஷன் கடையே தந்துவிடுகிறது. பருப்பில் பத்தில் ஒரு பங்குகூடத் தேறவில்லை. மீதியைக் கடையில் வாங்கிக்கொள்ளலாம்தான், வாங்குகிற வீடுகளும் இருக்கின்றன. முடியாத வீட்டில் சோறு கூடுகிறது, குழம்பு தண்ணீராகிறது.

இதன் பலன் எங்கே தெரிகிறது என்றால், சர்க்கரை வந்த வீட்டு அடுப்பங்கரையில். 2023இல் வெளிவந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு, நாட்டில் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் என்றது. எங்கள் தெருவில் ஆள் வைத்து எண்ண வேண்டியதில்லை, சாயங்காலம் நடக்கப் போகிறவர்களைப் பார்த்தாலே போதும். அப்படி ஒருவர் இருக்கும் வீட்டில் ராத்திரி இரண்டு சமையல். அவருக்குக் கோதுமை ரவை உப்புமாவோ சப்பாத்தியோ, மற்றவர்களுக்கு வெள்ளைச் சோறு. நல்ல சாப்பாடு என்பதே நோயாளிச் சாப்பாடு என்று பிள்ளைகள் மனதில் பதிந்துவிடுகிறது. “அது தாத்தாவுக்கு” என்று தட்டைத் தள்ளிவிடுகிறார்கள். இரண்டையும் ஆக்கி இறக்குகிறவள் பெரும்பாலும் ஒருத்திதான், அவள் கடைசியில் எது மிஞ்சுகிறதோ அதைச் சாப்பிடுகிறாள். முழுத் தானியமும் பயறும் கீரையும் வீட்டுக்கே பொதுச் சாப்பாடாக இருந்தால் இந்த இரண்டாவது அடுப்பு தேவையே இல்லை.

கைக்குத்தல் அரிசி கொடுங்கள் என்று கேட்கப் போகிறேன் என்று நினைக்காதீர்கள். தவிட்டில் எண்ணெய் இருக்கிறது, கிடங்கில் நாள்பட்டால் சிக்கு வாடை வந்துவிடும். அதை மாநிலம் முழுக்கச் சேமித்து அனுப்புவது உங்களுக்குப் பெரும்பாடு. ராகிக்கு அந்தத் தொல்லை இல்லை. எங்கள் கிருஷ்ணகிரிப் பக்கம் முன்பெல்லாம் குழி வெட்டி, வைக்கோல் போட்டு, வருடக்கணக்கில் வைத்திருந்த தானியம் அது. 100 கிராமில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச்சத்து இருக்கிறது. உமி நீக்கித் தீட்ட வேண்டிய வேலையும் இல்லை, அப்படியே அரைக்கலாம்.

ராகிக் களி செய்யத் தெரியாது, யார் கிண்டுவது என்பார்கள். இருக்கட்டும், சொல்லிவிடுகிறேன். தண்ணீர் கொதிக்கும்போது ஒரு கை அரிசி நொய்யைப் போட்டு வேகவிட வேண்டும். மாவைக் குவியலாகக் கொட்டி, நடுவில் துடுப்பால் ஒரு குழி செய்து, கொதி அந்தக் குழி வழியாக மேலே வரும்வரை தொடாமல் விட வேண்டும். அவசரப்பட்டுக் கிண்டினால் கட்டி தட்டிப்போகும். அப்புறம் பானையை அசையாமல் பிடித்துக்கொண்டு ஒரே மூச்சாகக் கிளற வேண்டும். ஈரக்கையால் தொட்டால் ஒட்டக்கூடாது, அதுதான் பதம். உருட்டி வைத்து, பக்கத்தில் கீரைக் கடைசலோ கொள்ளுக் குழம்போ ஊற்றினால் கூட வேறெதுவும் வேண்டாம். பிள்ளைகளுக்குக் களி இறங்காவிட்டால் அதே மாவில் முருங்கைக்கீரையும் வெங்காயமும் போட்டு அடை தட்டிக் கொடுங்கள், சண்டை பாதி குறையும்.

2023இல் நீலகிரியிலும் தருமபுரியிலும் 2 கிலோ அரிசிக்குப் பதிலாக 2 கிலோ ராகி கொடுக்க நீங்களே தொடங்கினீர்கள். நல்ல காரியம். அந்த 2 கிலோவோடு நிற்காமல், விரும்புகிற குடும்பம் எந்த மாவட்டமானாலும் தன் அரிசியில் பாதிவரை ராகியாக மாற்றிக்கொள்ள விடுங்கள். கட்டாயப்படுத்த வேண்டாம். கட்டாயப்படுத்தினால், வேண்டாத ரேஷன் அரிசி போல அதுவும் கோழித் தீவனமாகத்தான் போகும்.

அதைவிட முக்கியம் பருப்பு. அரிசி வேண்டாம் என்கிறவர்களுக்கு அதற்குப் பதில் கூடுதலாகச் சர்க்கரை தரும் அட்டை ஒன்றை இத்தனை வருடமாக வைத்திருக்கிறோம்! கூடுதலாகப் பருப்பு தரும் அட்டை மட்டும் இல்லை. முன்பு உளுந்தும் தந்தீர்கள், அது நின்றுபோனது. துவரைக்கு மானியம் கட்டுப்படியாகாது என்றால் கொள்ளும் கொண்டைக்கடலையும் தட்டைப்பயறும் இருக்கின்றன. கொள்ளு எங்கள் மானாவாரிக் காட்டில் அதிகச் செலவில்லாமல் விளைகிறது, வாங்கத்தான் ஆள் வேண்டும். பாமாயிலுக்குப் பதில் கடலை எண்ணெய் வேண்டும் என்று விவசாயிகள் கேட்கிறார்கள், நியாயம்தான். என்னைக் கேட்டால் எண்ணெயாகப் பிழியாமல் நிலக்கடலையாகவே கொடுங்கள் என்பேன். பிள்ளைகளுக்கு வேகவைத்துக் கொடுக்கலாம், சட்னி அரைக்கலாம்.

தவறாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்காக ஒன்று. சத்துணவு முட்டையை நிறுத்தச் சொல்லவில்லை, அது பிள்ளைகளுக்கு இருக்கட்டும். சத்துகளைத் தனியாகச் சேர்த்துச் செறிவூட்டிய அரிசியையும் எதிர்க்கவில்லை. பால், முட்டை தொடாதவர்களுக்கு அதில் சேர்க்கும் வைட்டமின் பி12 உதவும். ஆனாலும் தவிட்டைத் தீட்டி எடுத்துவிட்டு இரும்புச்சத்தைத் தனியாகச் செய்து கலக்கும் செலவில் கொஞ்சம் கொள்ளுக்கும் ஒதுக்கினால் என்ன?

முதல் கட்டமாக, ஒரு அட்டைக்கு 4 கிலோ அரிசியை விட்டுக்கொடுத்தால் 1 கிலோ பயறு என்று ஒரு மாவட்டத்தில் ஒரு வருடம் கொடுத்துப் பாருங்கள். கடையில் கைரேகை வைக்கும் கருவியிலேயே யார் எதை எடுத்தார்கள் என்பது பதிவாகிவிடும். எத்தனை பேருக்கு இது வேண்டும் என்பதை அந்தக் கணக்கே உங்களுக்குச் சொல்லும்.

இப்படிக்கு,
கிருஷ்ணகிரி மாவட்டத்து அரிசி அட்டைக்காரி ஒருத்தி