நான்கு நிமிடத்தில் பதில் அனுப்பிய வங்கிக்கு

பட்டதாரிப் பயிற்சித் திட்டத் தேர்வுக் குழுவினர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற மாதம் உங்கள் அதிகாரிகள் இருவர் எங்கள் ஊருக்கு வந்திருந்தார்கள். ஊர் மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்திலுள்ள பெஸ்தாரி ஜெயா. 2007-இல் பெயர் மாறினாலும் எங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு அது இன்னமும் பத்தாங் பெர்ஜுந்தைதான். பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம். எழுதிய பிள்ளைகளை மண்டபத்தில் உட்காரவைத்து, "மார்க்கு மட்டும் முக்கியமில்லை, நாங்கள் ஆளைப் பார்க்கிறோம்" என்றார் ஒருவர். பின்னால் நாற்காலி எடுத்துப் போட்டுக்கொண்டிருந்த நான் அதை நம்பிவிட்டேன். நிதித்துறையில் பட்டம் வாங்கி ஓராண்டாக ஒரு ஹார்ட்வேர் கடையில் கணக்கு எழுதுகிறவள் நான். அன்றிரவே விண்ணப்பித்தேன். 11.43-க்கு அனுப்பினேன், 11.47-க்கு உங்கள் மறுப்பு வந்துவிட்டது.

அந்த நான்கு நிமிடத்தில் எந்த ஆளைப் பார்த்தீர்கள் என்று கேட்கலாமென்றால், இந்த மின்னஞ்சலுக்குப் பதில் எழுத வேண்டாம் என்று அடியிலேயே போட்டிருந்தீர்கள். அதனால் ஊரறிய எழுதுகிறேன். பொறுத்தருளுங்கள்.

காரணம் எனக்குத் தெரியாமலில்லை. நீங்கள் கேட்பது, பட்டப்படிப்பின் மொத்தச் சராசரிப் புள்ளியான சி.ஜி.பி.ஏ. நான்குக்குக் குறைந்தது 3.30. என்னுடையது 3.22. ஆனால் தேர்ச்சி அறிக்கையையும் இணைக்கச் சொன்னீர்கள், இணைத்தேன். யாராவது திறந்திருந்தால் ஆறு செமஸ்டருக்கும் ஆறு எண்கள் தெரிந்திருக்கும்: 3.41, 3.46, 1.92, 3.38, 3.55, 3.62. எல்லா செமஸ்டரிலும் ஒரே கிரெடிட்தான். கூட்டி ஆறால் வகுத்தால் 3.22. மூன்றாவதை மட்டும் நீக்கிப் பார்த்தால் 3.48. கடன் கேட்டு வரும் ஒரு கம்பெனியின் கணக்கில் இப்படி ஒரே ஓர் ஆண்டு பள்ளம் விழுந்திருந்தால், உங்கள் கடன் பிரிவுக்காரர்கள் முதலில் கேட்பது "அந்த வருஷம் என்ன நடந்தது?" என்பதுதானே. கம்பெனியிடம் கேட்பதை எங்களிடமும் கேளுங்கள் என்கிறேன்.

கேட்காவிட்டாலும் சொல்லிவிடுகிறேன். அப்பா செம்பனை (எண்ணெய்ப்பனை) தோட்டத்தில் குலை வெட்டியவர். என் மூன்றாம் செமஸ்டரில் அவருக்கு முதுகு போய்விட்டது. இனிமேல் குலை வெட்டும் கம்பைத் தூக்கவே கூடாது என்றார் டாக்டர். தோட்டத்து வேலை போனால் தோட்டத்து வீடும் போகும். எங்கள் பக்கத்தில் இதை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. காலி செய்யச் சொன்ன தேதி என் இறுதித் தேர்வு வாரத்தில் வந்து நின்றது. நான்தான் மூத்தவள். டவுனில் 600 வெள்ளி (ரிங்கிட்) வாடகைக்கு ஒரு வீடு கிடைத்தது. முன்பணம் இரண்டு மாதம், தண்ணீர் கரண்டுக்கு அரை மாதம், முதல் மாத வாடகை. சாவி கைக்கு வருவதற்குள் 2,100 வெள்ளி. அம்மாவின் தோடு அடகுக்கடைக்குப் போனது. மீதிக்கு யாரிடம் எவ்வளவு வாங்குவது, எந்தச் சம்பளத்தில் திருப்புவது என்று காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதினேன். நான் போட்ட முதல் பணப்புழக்கக் கணக்கு அதுதான். எட்டு மாதத்தில் ஒரு சென் பாக்கியில்லாமல் அடைத்தோம்.

லோரியில் கடைசி நடை ஏற்றி இறக்கியபோது இரவு மணி இரண்டு. காலை ஒன்பதுக்குத் தேர்வு. பாடம், நிதி நிர்வாகம். அன்றாடச் செலவுக்குக் கையில் வேண்டிய பணமான நடைமுறை மூலதனத்தைப் பற்றி ஒரு பெரிய கேள்வி வந்திருந்தது. இரண்டு தடவை படித்தது நினைவிருக்கிறது. அப்புறம் மேற்பார்வையாளர் தோளைத் தட்டி எழுப்பினார். அந்தப் பாடத்தில் எனக்கு டி.

மார்க்கே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. உங்களுக்கு வரும் விண்ணப்பங்கள் கொஞ்சநஞ்சமில்லை, ஏதாவது ஒரு சல்லடை வேண்டும். 3.30 அப்படியே இருக்கட்டும். அதற்குக் கீழே இருப்பவர்களுக்கு ஒரே ஒரு பெட்டி வையுங்கள்: "ஏதேனும் ஒரு செமஸ்டர் குறைந்திருந்தால் காரணம் என்ன?" நூறு சொல் போதும். அதை ஒரு மனிதர் படிக்கட்டும். படித்த பிறகு வேண்டாம் என்றால் ஏற்றுக்கொள்கிறேன்.

உங்கள் துறையின் தேர்வுகளே இவ்வளவு கறாரில்லை. கணக்காளர்களுக்கான ஏ.சி.சி.ஏ. தேர்வில் ஒவ்வொரு தாளுக்கும் 50 எடுத்தால் தேர்ச்சி. 51 எடுத்தவரும் 91 எடுத்தவரும் ஒரே பட்டயக் கணக்காளர்கள்தான். உங்கள் மாடியில் உட்கார்ந்திருப்பவர்களில் எத்தனை பேரிடம் இன்றைக்கு அவர்களின் சி.ஜி.பி.ஏ.வைக் கேட்க முடியும்? முதல் வேலை கிடைக்கும்வரைதான் அந்த எண்ணுக்கு உயிர். ஆனால் அந்த முதல் வேலையின் கதவில்தானே அதை மாட்டி வைத்திருக்கிறீர்கள்.

முதல் வகுப்பு வாங்கினால் அரசாங்கக் கல்விக் கடனான பி.டி.பி.டி.என். கடனைக் கட்ட விலக்குக் கேட்கலாம். வாங்காதவர்கள் கடனையும் கட்ட வேண்டும், கட்டுவதற்கான வேலைக்கும் வாசலில் நிற்க வேண்டும். கோலாலம்பூரில் தங்கிப் பயிற்சி எடுக்கலாம் என்றால் அறை வாடகைக்கே அலவன்ஸ் போதாது. மாமா மேனேஜராக இருக்கும் பிள்ளைகளுக்குப் பெட்டியும் வேண்டாம், சல்லடையும் வேண்டாம். 1960-இல் அமைச்சராயிருந்த துன் சம்பந்தன், தோட்டத் தொழிலாளர்களின் பணத்தைச் சேர்த்துத் தோட்டங்களை வாங்க நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தொடங்கியபோது பத்துப் பத்து வெள்ளியாகக் கட்டியவர்களில் எங்கள் தாத்தாவும் ஒருவர். கைநாட்டுக்காரர். எங்கள் குடும்பத்தில் நிதித்துறைக்குள் போன ஒரே ஆள் இன்றுவரை அவர்தான்.

கோபத்தில் எங்கெங்கோ போய்விட்டேன், மன்னிக்கவும். நான் கேட்பது வேலையல்ல, அந்தப் பெட்டி. அடுத்த சேர்க்கை திறக்கும்போது தயவுசெய்து அதைச் சேருங்கள், மறுபடி விண்ணப்பிக்கிறேன். முடியாது என்றால், அடுத்த முறை எங்கள் ஊருக்கு வரும்போது அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் பேசாமல் விட்டுவிடுங்கள். அன்றைக்கு முன்வரிசையில் என் தம்பி உட்கார்ந்திருந்தான். நீங்கள் சொன்னதை நோட்டில் எழுதி வைத்திருக்கிறான்.

இப்படிக்கு,
3.22